பெங்களூரில் சல்சா: முதல் காலை எங்கே வைப்பது?

இந்திராநகர், கோரமங்களா பக்கம் சல்சா என்னும் ஜோடி நடனத்துக்கு வகுப்பு தேடுகிறவர்கள் முதலில் முழிப்பது இங்கேதான்: எல்.ஏ. பாணியா, நியூயார்க்கா, கியூபனா? அடிப்படைக் கணக்கு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டு எண்ணிக்கை, நான்கிலும் எட்டிலும் கால் நிற்கும், மற்றதில் நடக்கும்.

எல்.ஏ. பாணி 1990களில் லாஸ் ஏஞ்சலஸில் வாஸ்குவெஸ் சகோதரர்களால் பரவியது. ஆட்டம் நேர்க்கோட்டில். லீட் (ஆட்டத்தை நடத்துகிறவர்) விலகி வழிவிட, ஃபாலோ (அவரைத் தொடர்கிறவர்) அதே கோட்டில் கடந்து மறுபக்கம் போவார். கால் திசை மாறுவது 'ஒன்று'க்கு. பாட்டில் 'ஒன்று' எங்கே விழுகிறது என்று புதியவர் காதுக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். சுழற்சி, சாய்ப்பு என்று கொஞ்சம் ஷோ காட்டுகிற பாணி. அது வேறு விஷயம்.

நியூயார்க் பாணியும் நேர்க்கோடுதான். 1950களின் மாம்போ நடனத்திலிருந்து வந்ததை வகுப்பறைப் பாடமாக ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் எடி டோரஸ். இங்கே 'ஒன்று'க்கும் கால் வைக்கிறோம், ஆனால் திசை மாறுவது 'இரண்டு'க்கு. கோங்கா மேளத்தில் பளீரென்று ஓர் அறை விழுமே, அந்த இடம். அல்சூரில் பாட்டு வகுப்புக்குப் போய் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: சமத்தில் எடுக்கிற பல்லவிக்கும் சற்றுத் தள்ளி எடுக்கிற பல்லவிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. மற்றவர்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நாளாகும். பிடிபட்ட பிறகு பாட்டுக்குள்ளேயே நடப்பது போலிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இருந்தாலும் புதியவருக்குச் சொல்ல மாட்டேன்.

கியூபன் பாணியை ஹவானாவில் கசீனோ என்பார்கள். நேர்க்கோடெல்லாம் கிடையாது, இருவரும் ஒருவரையொருவர் வட்டமடிப்பார்கள். பல ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் ஸ்பானிஷில் 'தாமே' (என்னிடம் கொடு) என்று குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜோடி மாறுவது ருயேடா. கூச்சக்காரர்கள் நண்பர் பட்டாளத்தோடு வந்தால் நான் கைகாட்டுவது இதைத்தான். யாரும் உங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கொலம்பியாவின் காலி நகரத்துப் பாணி? முழங்காலுக்குக் கீழே மின்னல். பார்த்து ரசியுங்கள், போதும்.

தனியாகக் கற்க வருகிறவருக்கு என் ஓட்டு எல்.ஏ. பாணிக்கே. காரணம் அழகல்ல, ஆள்பலம். நான் பார்த்த வரையில், இந்த ஊரில் எல்லோரும் கூடி ஆடுகிற சோஷியல் இரவுகளில் கை நீட்டினால் வருகிறவர் பெரும்பாலும் 'ஒன்று'க்கு ஆடுகிறவர்தான். ஒரு நஷ்டமும் உண்டு: 'ஒன்று'க்கு ஊறிய காலைப் பின்னால் 'இரண்டு'க்குத் திருப்புவது லேசில்லை. நியூயார்க்தான் என்று ஏற்கெனவே மனம் நிலைத்துவிட்டால் நேரே அங்கே போய்விடலாம். சேரும் முன் எந்த எண்ணிக்கைக்குச் சொல்லித்தருகிறார்கள், வகுப்பில் ஜோடி மாற்றுகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம், ரப்பர் அடிப்பாக ஜாகிங் ஷூ வேண்டாம். அது தரையைக் கவ்விக்கொள்ளும், திரும்பும்போது முட்டிதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.