கொலுசுப் பட்டறையில் ஒரு டூ இன் ஒன் லேப்டாப்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்குக் கணக்கும் டிசைனும் பார்க்கிறேன். குறைந்த விலையில் டச் திரையோடு மடக்குகிற லேப்டாப் வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்பேன், ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற காரணத்துக்காக இல்லை. முழுசாகப் பின்னால் மடக்கி டேப்லெட் மாதிரி கையில் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். ஒன்றரைக் கிலோவை ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் படித்துப் பாருங்கள், மணிக்கட்டு கெஞ்சும். மடக்கியதும் கீபோர்டு தானாகவே அணைந்துவிடும், சரி, ஆனாலும் அடியில் விரலுக்குப் பட்டன்கள் தட்டுப்படுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

எனக்கு உபயோகம் வேறு. எதிரே வியாபாரி உட்கார்ந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். அவரே விரலால் பெரிசாக்கி, "இந்த முத்தை இன்னும் நெருக்கமா வைங்க தம்பி" என்று தொட்டுக் காட்டுவார், உடனே மேஜையில் தட்டையாக விரித்துப் பேனாவால் திருத்திவிடுவேன். வாட்ஸ்அப்பில் படம் போய், பதில் வந்து, அதில் ஒரு சந்தேகம் வந்து என்று இழுத்துக்கொண்டிருந்த வேலை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிகிறது.

இந்தப் பேனா விஷயத்தில் கவனம். நுனியில் ரப்பர் வைத்த மலிவு ஸ்டைலஸ் எந்த டச் திரையிலும் ஓடும், ஆனால் உள்ளங்கை பட்டாலும் கோடு விழும், அழுத்தி வரைந்தாலும் கோடு தடிக்காது. வரைய, உள்ளே மின்சுற்று வைத்த ஆக்டிவ் பேனாதான் வேண்டும். அதிலும் எம்பிபி, யூஎஸ்ஐ, வாகாம் என்று பல வகை, ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் பெரும்பாலும் எழுதாது. என்னுடையதற்கு நாலு ஏ (AAAA) போட்ட ஒல்லி பேட்டரி. கடையில் கேட்டால் ரிமோட்டுக்குப் போடும் மூணு ஏ பேட்டரியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள், ஆன்லைன்தான் கதி.

திரையின் வெளிச்சம் 250 நிட்ஸ். பட்டறைக்குள் போதும். ஏற்காட்டில் மச்சானின் காபித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திண்ணையில் திறந்தால், வெயில் நேரத்தில் பளபளப்புக் கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிகிறது. பனிமூட்டத்தில் இன்னொரு கூத்து: திரையில் ஈரம் படிந்தால் யாரும் தொடாமலே தொட்டதாக எடுத்துக்கொண்டு தானாக எதையாவது திறக்கும். துணியால் துடைத்தால் அடங்கிவிடும்.

ரேம் 8 ஜிபி, போர்டோடு சேர்த்தே ஒட்டியிருக்கிறது, பின்னால் கூட்ட முடியாது. கணக்கு எழுதும் டாலியும் குரோமும் சேர்ந்து திறந்திருந்தால் திணறுகிறது. முடிந்தால் 16 பாருங்கள்.

ப்ராசசரை எல்லோரும் விசாரிக்கிறார்கள், திரையை மடக்கும் கீலை யாரும் பார்ப்பதில்லை. நாளெல்லாம் மடக்கித் திருப்புவதில் என்னுடையது தளர்ந்து, சாதாரணமாகத் திறந்து வைத்துத் தொட்டால் திரை ஆடியது. சர்வீஸ் சென்டரில் மேல்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், அதற்குப் பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம். அப்புறம் பக்கத்துத் தெருவில் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் கழற்றி ஸ்க்ரூவை இறுக்கிக் கொடுத்தார், இன்றுவரை ஓடுகிறது. வாங்கும்போது கடையிலேயே திறந்து வைத்து, திரையின் மேல்மூலையை விரலால் நாலு தட்டு தட்டிப் பாருங்கள், அங்கேயே ஆடினால் வேண்டாம்.

கல்லூரி போகும் பையனுக்கு மட்டும் மடக்காத சாதாரண லேப்டாப்தான் எடுத்தேன். ஏறக்குறைய அதே விலைக்கு 16 ஜிபி கிடைத்தது, அவன் வரைவதும் இல்லை, யாருக்கும் திரையைத் திருப்பிக் காட்டுகிற வேலையும் அவனுக்கு இல்லை.