எருசலேம் தல்மூதா, பாபிலோனியத் தல்மூதா?

யூதச் சட்ட மரபை மூலநூல் வழியே அறியப் புகுவோர் முதலில் தயங்கி நிற்கும் இடம் இது. தல்மூதுகள் இரண்டுமே, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு எழுந்த விரிவுரைகள்தாம்.

தோற்றம்: எருசலேம் தல்மூது, பெயருக்கு மாறாக, பெரும்பாலும் பாலஸ்தீனத்தின் வடபகுதியான கலிலேயாவில் கி.பி. 400 அளவில் உருப்பெற்றது. பாபிலோனியத் தல்மூது இன்றைய ஈராக்கில் இருந்த கல்விக்கூடங்களில் மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் செதுக்கப்பட்டது.

நடை: முன்னது சுருங்கச் சொல்லி நகர்ந்துவிடும். பின்னதோ ஒரு கேள்வியை எழுப்பி, மறுத்து, அந்த மறுப்பையும் மறுத்து, நடுவே கதையும் மருத்துவக் குறிப்பும் கலந்து, வாசகரையும் அந்த வாதத்துக்குள் இழுத்துக்கொள்ளும்.

துணை: பாபிலோனியத் தல்மூதுக்கு 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துரோயே நகரில் வாழ்ந்த யூத அறிஞர் ராஷி எழுதிய உரை, அச்சுப் பதிப்புகளில் மூலத்தின் ஓரத்திலேயே அமைந்திருக்கிறது, அது இல்லாவிட்டால் பலர் முதல் ஏட்டிலேயே நின்றுவிடுவர் என்பது என் எண்ணம். நாளுக்கு ஓர் ஏடு என 2,711 ஏடுகளை ஏறத்தாழ ஏழரை ஆண்டுகளில் முடிக்கும் கூட்டு வாசிப்பும் 1923 முதல் நடந்து வருகிறது. எருசலேம் தல்மூதுக்கு இத்தகைய பழைய துணை குறைவு.

பொருள்: விதைப்பு, அறுவடை, ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடுதல் போன்ற வேளாண் சட்டங்களை எருசலேம் தல்மூது விரிவாகப் பேசுகிறது, பாபிலோனியத்தில் அப்பகுதிக்குத் தனி விரிவுரை இல்லை.

ஆகவே, புதிதாகத் தொடங்குவோரும் இன்றைய யூத நடைமுறையின் வேரைத் தேடுவோரும் பாபிலோனியத்தை எடுக்கலாம். ரோமானியர் ஆட்சிக்காலப் பாலஸ்தீனத்தின் வாழ்வையும் நிலத்தையும் ஆராய்வோருக்கு எருசலேம் தல்மூதே உரியது.