லிண்டன் – பார்ன்ஸ்டபிள் பாதையைக் கணினியில் கட்ட ட்ரெயின்ஸ் 2019

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் 1898 முதல் 1935 வரை ஓடிய, சுமார் 31 கி.மீ. நீளமும் தண்டவாளங்களுக்கிடையே 597 மி.மீ. அகலமும் கொண்ட லிண்டன் – பார்ன்ஸ்டபிள் குறுகிய ரயில்பாதையை மீண்டும் உருவாக்க விரும்புவோருக்கு, ட்ரெயின்ஸ் ரயில்ரோட் சிமுலேட்டர் 2019 என்ற ரயில் விளையாட்டு மென்பொருள் தாராளமான கருவி என்றே சொல்வேன். தண்டவாளத்தை வளைத்து இடுவதும், மரங்களையும் வேலிகளையும் நடுவதும் எளிது.

சிக்கல் நிலத்தில் இருக்கிறது. நிலத்தின் உயரத்தை 10 அல்லது 5 மீட்டர் கட்டங்களாகத்தான் மாற்ற முடியும் என்பதால், மலைச்சரிவை ஒட்டி வெட்டப்பட்ட ஒடுக்கமான பள்ளங்கள் அகன்று, பெரிய பாதைக்கு உரியவைபோல் தோன்றும். சரிவுகளைப் பாறை மாதிரிகளாலும் புதராலும் மூடித்தான் இதைச் சமாளிக்க வேண்டும். இந்தப் பாதையில் எட்டு வில்வளைவுகளுடன் சுமார் 21 மீட்டர் உயரத்தில் நிற்கும் செல்ஃபம் பாலத்துக்கு ஆயத்த மாதிரிகள் போதா, தனியாக வடிவமைத்தே ஆகவேண்டும். எந்த ஆண்டைக் காட்டுவது என்பதையும் முன்பே தீர்மானிப்பது நல்லது, ஏனெனில் 1923இல் சதர்ன் ரயில்வே என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இந்தப் பாதையின் பொறுப்பை ஏற்றது, லூ என்ற எஞ்சின் 1925இல்தான் வந்தது.

படமெடுப்பதில் இந்த மென்பொருள் உண்மையிலேயே மகிழ்விக்கிறது. நேரத்துக்கேற்ப வெயிலின் நிறத்தை மாற்ற முடிவதால், மாலை ஒளியில் கேமராவைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தினால் சின்னஞ்சிறு எஞ்சினும் கம்பீரமாகத் தெரியும். மேலிருந்து எடுத்தால் பொம்மைபோல் ஆகிவிடும். பழைய கணினி வைத்திருப்போர் மரங்களின் அடர்த்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.