41,500 ரூபாய்க்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்த விமானம்: பழைய ஜி.ஐ.ஜோ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இன்று மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், பழைய பொம்மை விமானம் ஒன்றை நான் வாங்கி ஏமாந்த ஆப்பிலிருந்து மெயில் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என்ன தீர்த்தார்கள்? 41,500 ரூபாய் போனது போனதுதான் என்று தீர்த்துவிட்டார்கள். சோறு இறங்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பழைய ராணுவ பொம்மைகள், குறிப்பாக ஜி.ஐ.ஜோ சேகரிப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.

நான் இதற்குப் புதியவன் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வாங்கித் தந்த ஃபன்ஸ்கூல் பொம்மையில் ஆரம்பித்தது. சென்னை எம்.ஆர்.எஃப் நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய கம்பெனி அது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்து இங்கேயே ஜி.ஐ.ஜோ வார்த்தார்கள். அமெரிக்காவில் ஒரு நிறத்தில் வந்த வீரன் இங்கே வேறு நிறத்தில் வருவான். அந்த நிற வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் நம்மூர் பொம்மைகளைத் தேடுகிறார்கள். என்னிடம் அறுபதுக்கு மேல் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாகச் சேர்க்கிறேன். பன்னிரண்டு வருஷ அனுபவம் இருந்தும் ஏமாந்திருக்கிறேன் என்பதுதான் நெஞ்சை அடைக்கிறது.

என்னிடம் இல்லாமல் இருந்தது ஸ்கைஸ்ட்ரைக்கர். 1983-ல் வந்த ஜெட், எஃப்-14 டாம்கேட் சாயலில் செய்தது. மூன்றே முக்கால் அங்குல வீரர்கள் இரண்டு பேர் காக்பிட்டில் உட்காரலாம். இருக்கைகளுக்கு பாராசூட் உண்டு. அடியில் லீவரைத் தள்ளினால் சக்கரங்கள் இறங்கும், அதே இழுப்பில் இரண்டு இறக்கைகளும் விரியும். ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்குள் இதை எப்படி யோசித்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கூடவே ஏஸ் என்கிற விமானியும் ஹெல்மெட்டோடு வருவான்.

இந்த மாதிரி வண்டிகளில் காசெல்லாம் சின்ன பாகங்களில்தான் இருக்கிறது. வெறும் உடல் மட்டும் என்றால் மலிவாகவே கிடைத்துவிடும். ஏவுகணைகள், சக்கர மூடிகள், காக்பிட் கண்ணாடி, பாராசூட், விமானி, ஹெல்மெட் எல்லாம் அசலாகச் சேர்ந்து இருந்தால்தான் விலை ஏறும். தனித்தனியாக வாங்கிச் சேர்க்கப் போனால் முழு வண்டியின் விலையையே தாண்டிவிடும். அதனால்தான் "கம்ப்ளீட், எல்லா பார்ட்ஸும் ஒரிஜினல்" என்று பார்த்ததும் நின்றேன்.

அது சேகரிப்புப் பொருட்களை வாங்கி விற்கும் ஒரு ஆப். பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். விற்றவர் வேறு ஊர், ஐம்பதைத் தாண்டியவர். 46,000 கேட்டார். அதிகம் என்றேன். அதற்கு அவர் சொன்ன கணக்கில்தான் நான் விழுந்தேன். "தம்பி, வெளிநாட்டுல இருந்து இறக்கிப் பாரு. பொம்மைக்கு கஸ்டம்ஸ் டியூட்டி 2020 வரைக்கும் இருபது பர்சன்ட், அப்புறம் அறுபது, 2023-ல எழுபது. கூரியர் செலவு வேற. இங்கேயே இருக்கிற பீஸுக்கு அந்த மதிப்பு உண்டுல்ல?" இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வரி அப்படித்தான் ஏறியிருக்கிறது. அதில் உண்மையைச் சொன்னதால் மற்றதிலும் உண்மையைத்தான் சொல்வார் என்று நம்பிவிட்டேன்.

வீடியோ கால் கேட்டேன். உடனே வந்தார். நீலப் பூப்போட்ட மேஜை விரிப்பு, அதன் மேல் விமானம். புரட்டி அடியில் வார்த்திருந்த 1983 முத்திரையைக் காட்டினார். பிறகு, நான் கேட்காமலே, லீவரை மெதுவாகத் தள்ளினார். சக்கரம் இறங்க இறங்க இறக்கைகள் இரண்டும் ஒன்றாக விரிந்தன. "சின்ன வயசுல இதுக்காக எத்தனை நாள் அழுதிருப்போம், இல்லையா தம்பி?" என்றார். நான் ஆமாம் அண்ணே என்றேன். என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் பையன் கை தட்டினான். அந்த இடத்தில் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் எதையும் சோதிக்கவில்லை.

41,500-க்கு இறங்கினார். முழுவதையும் ஆப்பில் கட்டினால் கமிஷன் போய்விடும், இருபதாயிரத்தை ஆப்பில் போடு, மிச்சத்தை நேரா யூபிஐ பண்ணிடு, அதுக்குத்தான் நாலாயிரத்து ஐந்நூறு குறைக்கிறேன் என்றார். செய்தேன்.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. வீடியோ எடுத்துக்கொண்டேதான் பிரித்தேன். பபிள் ராப்பைக் கிழித்ததுமே மூக்கில் ஏறியது பெயின்ட் வாடை. நாற்பது வருஷப் பழைய பிளாஸ்டிக்கில் புது பெயின்ட் வாடை எப்படி வரும்? வால் பக்கம் நகத்தால் மெல்லச் சுரண்டினேன். வெள்ளைச் சாம்பல் பூச்சு செதிலாக உரிந்தது. உள்ளே பழைய டீக்கறை மாதிரி மஞ்சள். இந்த வெளிர் நிற பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகும், எல்லாருக்கும் தெரியும். சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்க வைப்பார்கள். அதையாவது செய்தேன் என்று சொல்லி விற்றிருந்தால் நேர்மை. இது மஞ்சளை மறைக்க ஸ்ப்ரே கேனை எடுத்து அடித்தது.

செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஏவுகணைகள் முழுக்க மெல்லிய கோடு கோடாக, அடுக்கடுக்காக. த்ரீடி பிரின்டரில் எடுத்தது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் அந்தக் கோடு வராது. ஸ்டிக்கரில் ஈர விரலை வைத்ததும் நட்சத்திரத்தின் நீலம் என் கையோடு வந்தது. வீட்டு இங்க்ஜெட் பிரின்ட். லீவரைத் தள்ளினேன். சக்கரம் பாதி இறங்கியது. இறக்கைகள் அசையவே இல்லை, உள்ளே பசை போட்டு ஒட்டியிருக்கிறது. பையன் "ஏம்ப்பா விரியலை?" என்று கேட்டான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

ஏஸைத் தூக்கியதும் இடுப்போடு கழன்று காலிரண்டும் விழுந்தன. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பொம்மைகளின் உடம்பையும் காலையும் உள்ளே ஒரு ரப்பர் ஓ-ரிங்தான் பிடித்து வைத்திருக்கிறது, வயதானால் அறுகிற பொருள் அது. முதுகு ஸ்க்ரூவைக் கழற்றிப் புதியதை மாட்டினால் சரி. ஆனால் விழுந்த இடுப்பில் முத்திரை 1986. ஏஸ் 1983-ல் வந்தவன். வேறு யாருடைய இடுப்பையோ மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆக, வீடியோ காலில் நான் பார்த்தது ஒரு விமானம், வீட்டுக்கு வந்தது வேறொன்று.

அன்று மாலையே போன் செய்தேன். "அப்படியா தம்பி? பார்த்துட்டுச் சொல்றேன்." மறுநாள்: "நாற்பது வருஷப் பொருள், அப்படி இப்படித்தான் இருக்கும்." படங்களை அனுப்பினேன். "பெயின்ட்னு சொல்லாதீங்க, அது ரெஸ்டோரேஷன்." தம்பி போய் நீங்க வந்துவிட்டது. காணொளியில் இறக்கை விரிந்ததே என்று கேட்டேன். "கூரியர்ல அடிபட்டிருக்கும், அவங்களைக் கேளுங்க." கூரியரில் அடிபட்டால் பசை எப்படி உள்ளே போகும்? நான்காம் நாள் புரொஃபைல் படம் காணாமல் போனது. பிளாக்.

ஆப்பில் புகார் கொடுத்தேன். 48 மணி நேரத்தில் பதில் என்றார்கள். மூன்றாம் நாள் வந்த பதிலில் பிரிக்கும் வீடியோ கேட்டிருந்தார்கள். அனுப்பினேன். முகவரிச் சீட்டு தெளிவாக இல்லை என்றார்கள். போட்டோ அனுப்பினேன். பிறகு, பயன்படுத்திய சேகரிப்புப் பொருட்களுக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார்கள். அசல் என்று போட்டுப் போலி விற்றிருக்கிறாரே என்று எழுதினேன். கடைசியாக, பணத்தின் ஒரு பகுதி ஆப்புக்கு வெளியே போயிருப்பதால் இந்த விற்பனைக்கு எங்கள் பாதுகாப்பு பொருந்தாது என்று ஒரு வரி. அடுத்த மெயில்தான் இன்று வந்த "தீர்க்கப்பட்டது". என்னிடம் பேசிய யாருமே அந்தப் படங்களைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 41,500 ரூபாய். பையனின் ஸ்கூல் ஃபீஸ் ஒரு டெர்முக்கு அவ்வளவு வராது.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு தரலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இன்றைக்கு மனசு அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவசரத்துக்குச் சிலதை மட்டும் சொல்கிறேன்.

பணத்தில் ஒரு ரூபாயைக்கூட ஆப்புக்கு வெளியே அனுப்பாதீர்கள். எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். என்னைக் கவிழ்த்ததே அதுதான்.

கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏல தளங்களில் முடிந்துபோன விற்பனைகளைத் தனியாகக் காட்டுவார்கள். நான் இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். வரியெல்லாம் சேர்த்துக்கூட நான் கொடுத்தது அதிகம்.

வீடியோ காலில் அவர் காட்டுவதை மட்டும் பார்க்காமல் நீங்கள் சொல்வதைக் காட்டச் சொல்லுங்கள். இன்றைய தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். விளக்கைச் சாய்த்து ஒவ்வொரு சின்ன பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள். பொம்மையின் கட்டைவிரல்களைப் பாருங்கள், முதலில் உடைவதும் ஒட்டப்படுவதும் அவைதான். இடுப்பு முத்திரை அந்த வீரனுக்குரிய ஆண்டுதானா என்று பாருங்கள். பொருளில் அவருக்கே தெரியாத ஒரு சிறு கீறலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வந்த பொருளில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். பிரிக்காமல் அட்டையோடு சீலாகவே இருக்கிறது என்று சொன்னால் பிளாஸ்டிக் குமிழின் ஓரத்தில் பசை மினுமினுக்கிறதா என்று கவனியுங்கள்.

ஏமாந்தது தெரிந்தால் விற்றவரோடு நாலு நாள் பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் இன்னும் நகராமல் இருந்தால் நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் தாமதித்துவிட்டேன். அங்கேயும், நுகர்வோர் உதவி எண் 1915-லும் இப்போது பதிவு செய்திருக்கிறேன்.

இன்னொன்று, இதுதான் அவசரம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நண்பனின் கணக்கிலிருந்து அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே நீலப் பூப்போட்ட மேஜை விரிப்பு, அதே ஸ்கைஸ்ட்ரைக்கர், வேறு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தில் வலது இறக்கை ஸ்டிக்கரின் நுனி லேசாக மடங்கியிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். விலை 44,000 போட்டிருக்கிறார். ஏற்கெனவே மூன்று பேர் "இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மூன்று பேரில் யாராவது இதைப் படித்தால், வாங்கிவிடாதீர்கள். எனக்குச் செய்தி அனுப்புங்கள், என் மேஜையில் கிடக்கிற விமானத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன்.