பித்தளை விளக்குக்குச் சிட்ரிக் அமிலம்: 3 வருடம் பாவித்த பிறகு

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் வட்டவளைக்கும் நடுவே தோட்டத்து லயத்து வீடு எங்களுடையது. மே மாதம் மழை பிடித்தால் துவைத்த துணியே மூன்று நாளைக்குக் காயாது. பித்தளை மட்டும் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை துலக்கிய குத்துவிளக்கு அடுத்த வெள்ளிக்குள் மங்கிப் போய்விடும்.

அப்பாயி பழப்புளியும் சாம்பலும் போட்டுத்தான் தேய்ப்பார். நன்றாகப் பளபளக்கும், ஆனால் சாம்பல் கீறிக் கீறியே விளக்கின் பூ வேலை பாதி தேய்ந்துவிட்டது. வெளிநாடுகளில் துப்பாக்கித் தோட்டாவை மறுபடி நிரப்புகிறவர்கள் வெற்றுக் கோதைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவார்கள் என்று ஒருநாள் வாசித்தேன். தோட்டாக் கோதும் பித்தளைதானே, 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சரி, விளக்கிலும் பார்ப்போமே என்று தொடங்கினேன்.

முதலில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் ஏறாது. அப்புறம் ஒரு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூள். பிளாஸ்டிக் வாளிதான் நல்லது. பத்து நிமிடத்தில் கறுப்பு கழன்றுவிடும். உடனே எடுத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு நல்ல தண்ணீர்.

முதல் வருடம் பூசை மணியை இரவு முழுக்க ஊறப்போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் இளஞ்சிவப்பு! துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரிந்திருக்கிறது. கூடுதலாக ஊறினால் கூடுதலாக வெளுக்கும் என்பது வீண் கணக்கு.

இன்னொன்று, இது பளபளப்பைத் தராது. சுத்தமான, மங்கலான மஞ்சள்தான் வரும். மினுக்கம் வேண்டுமென்றால் பழைய பருத்தித் துணியால் கை வலிக்கத் தேய்க்க வேண்டும். அதற்காக அமோனியா கலந்த பாலிஷ் பக்கம் நான் போவதில்லை. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டனவாம். குதிரை மூத்திரத்து அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். எங்கள் விளக்குக்கு அந்த வம்பு எதற்கு?

காயவைப்பதுதான் இங்கே பெரும்பாடு. பனிமூட்டத்தில் வெயிலை நம்ப முடியாது. துடைத்து, அடுப்படிச் சூட்டில் அரைமணி நேரம் வைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுப் பூசினால் இரண்டு வாரம் தாங்குகிறது. 100 கிராம் பொட்டலம் மூன்று மாதத்துக்கு வருகிறது.

மணியின் விளிம்பில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை. பூசை நேரத்தில் அப்பாயி அதை என் பக்கம் திருப்பித்தான் வைப்பார்.