ஆமைத் தொட்டிக்குக் கொடுத்த 1,480 வெள்ளி: இவரைப் போன்றவர்களிடம் ஏமாறாதீர்கள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளரும் ரெட்-இயர்ட் ஸ்லைடர் ஆமைக்கு, பாதி நீரும் பாதி நிலமுமாக, செடி, பாசி, மரக்கட்டை எல்லாம் வைத்து இயற்கைச் சூழலைப் போன்ற கண்ணாடித் தொட்டியை அமைத்துத் தருவதாகச் சொன்ன ஒருவர், 1,480 வெள்ளியை வாங்கிக்கொண்டு ஒழுகும் பெட்டியை விட்டுச் சென்றிருக்கிறார். பொருள்களை வாங்கவும் விற்கவும் உதவும் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரம் செய்பவர் அவர். இப்படிப்பட்டவரிடம் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று அவர் நடந்துகொண்ட விதம்தான் என்னை நம்பவைத்தது. ஆமையின் ஓட்டை இரு கைகளாலும் தாங்கித் தூக்கினார். "இது ஒரு அடிக்குக் கிட்ட வளரும்க்கா, இந்தச் சின்னத் தொட்டியில பாவம்" என்றார். காய்வதற்கு உலர்ந்த மேடையும் புற ஊதா-பி கதிர்களைத் தரும் யுவிபி விளக்கும் இல்லாவிட்டால் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உண்டாகாது, சுண்ணாம்புச் சத்து சேராது, ஓடு மென்மையாகிவிடும் என்று என் மகளுக்குப் பொறுமையாக விளக்கினார். அத்தனையும் உண்மை. இவ்வளவும் அறிந்தவர் தெரிந்தே போலிப் பொருளை மாட்டிவிட்டுப் போவார் என்று எப்படி எண்ணத் தோன்றும்? "நம்ம ஆளுங்கக்கா, நீங்க கவலையே படாதீங்க" என்ற சொல்லை நம்பி, பேநவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக 1,480 வெள்ளியையும் அனுப்பினேன்.

தொட்டியின் மூலையிலிருந்து விரைவிலேயே நீர் கசியத் தொடங்கியது. கண்ணாடிகளை ஒட்டிவிட்டு அவர் மறந்துவிட்டுப் போன சிலிகான் பசைக் குழாயைப் பார்த்தால், பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்த, குளியலறைக்கு உரிய வகை அது. நீர்வாழ் உயிர்கள் இருக்கும் தொட்டியில் அதைப் பூசவே கூடாது. ஓடு மென்மையாகியிருப்பதைக் கண்ட கால்நடை மருத்துவர் விளக்கின் படத்தைக் கேட்டார். அது யுவிபி விளக்கே இல்லை, வெறும் வெள்ளை எல்இடி. அதையும் கண்ணாடி மூடிக்கு மேலே பொருத்தியிருந்தார். உண்மையான யுவிபி விளக்காக இருந்தாலும் கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும். ஆண்டு முழுவதும் வெப்பமான நம் ஊரில் நீரைச் சூடாக்கும் கருவிக்கும் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்.

கேட்டபோது முதலில் "சிலிகான் காய நேரம் எடுக்கும்க்கா" என்றார். பிறகு ஆமை நீரைத் தெளிக்கிறது என்றார். பிறகு மலேசியாவின் ஜொகூரில் இருப்பதாகவும் திரும்பியதும் வருவதாகவும் செய்தி அனுப்பினார். அதன் பின் என் செய்திகளைப் படித்தும் பதிலில்லை, விளம்பரமும் மறைந்துவிட்டது. செயலி நிறுவனமோ, பணம் தங்கள் வழியாகச் செல்லாததால் தலையிட முடியாது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. 1,480 வெள்ளி! அதற்கு மேல் மருத்துவச் செலவு.

கோபத்தில் எல்லாவற்றையும் விரிவாக எழுத இயலவில்லை. முழுத் தொகையை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். தொட்டியில் நீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பார்த்த பிறகே மீதியைக் கொடுங்கள். விளக்கின் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம், நானும் கொடுக்கப்போகிறேன். அதே படங்களுடன் வேறு பெயரில் விளம்பரம் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.