‘இலவசப் பட்டா’ தளத்தில் ஒரு ரூபாய் கட்டினால் என்ன ஆகிறது: டெல்டாக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு, நில விவரம் காட்டும் சிட்டா நகல் எடுக்கும் காலம் வந்தால் இந்த ஏமாற்று வேலையும் கூடவே வந்துவிடுகிறது. போனில் ‘பட்டா சிட்டா’ என்று தேடினால் பல நேரம் முதலில் நிற்பது அரசுத் தளம் இல்லை. காசு கொடுத்து மேலே ஏற்றிய விளம்பரம் அது. ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல் அதன் தலையில் பொடி எழுத்தில் இருக்கும். அவசரத்தில் இருப்பவர் கண்ணில் அது படாது.

தளத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒன்றை மூடினால் வேறு பெயரில் திறக்கிறார்கள். மாட்டிக்கொண்டவர்கள் சொல்வது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். பக்கத்தைத் திறந்தால் வயல் படம், கோபுரச் சின்னத்தைப் போன்ற ஒரு முத்திரை, மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கேட்கும் கட்டங்கள். அரசுத் தளத்தில் எப்படி இருக்குமோ அதே வரிசை. ‘முற்றிலும் இலவசம்’ என்று மேலே பெரிதாக இருக்கும். எல்லாம் நிரப்பியதும் ஒரு வட்டம் சுற்றும். பிறகு ‘உங்கள் சிட்டா தயார், சரிபார்ப்புக்கு 1 ரூபாய்’ என்று வரும். ஒரு ரூபாய்தானே என்று தொட்டால் யுபிஐ செயலி தானாகத் திறக்கும். பின் நம்பரைப் போட்டதும் ஓர் இணைப்பு கிடைக்கும். அந்த இணைப்பு கொண்டுபோய் விடும் இடம் அரசின் இ-சர்வீசஸ் தளம்! சிட்டா கையில் வந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இந்த மோசடி மாதக்கணக்கில் ஓடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அந்த ஒரு ரூபாய் கட்டணம் இல்லை. மாதாமாதம் பிடித்துக்கொள்ளக் கொடுக்கும் அனுமதி. பெயர் ஆட்டோபே, அல்லது மேண்டேட். சோதனைக் காலம் முடிந்ததும், 399 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு மாதமும் போகும். பாஸ்புக்கில் என்ட்ரி போடும்போதுதான் தெரிகிறது, அதற்குள் மூன்று நான்கு பிடித்தம் முடிந்திருக்கும். பெரும்பாலும் அது பிஎம் கிசான் பணம் வந்து விழும் கணக்கு. கிசான் பணம் வருஷத்துக்கு மூன்று தவணை, தவணைக்கு 2,000, ஆக 6,000 ரூபாய். 399 வீதம் பன்னிரண்டு மாதம் போனால் 4,788. மிஞ்சுவது 1,212 ரூபாய்.

பின் போடும் முன்பு அந்தத் திரையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். சாதாரணமாகப் பணம் அனுப்பும் திரைக்கும் ஆட்டோபே திரைக்கும் வித்தியாசம் உண்டு. ஆட்டோபே திரையில் இன்று பிடிக்கும் தொகை ஒன்று இருக்கும்: 1 ரூபாய். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு தொகை, ‘அப் டு’ என்ற சொல்லோடு இருக்கும். அதுதான் ஒவ்வொரு முறையும் அவர்கள் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு. 399 தான் சந்தா என்று சொல்லிவிட்டு வரம்பில் 999 போட்டுவைக்கும் தளங்களும் உண்டு. அடுத்த வரியில் ‘மன்த்லி’ அல்லது ‘ஆஸ் பிரசன்ட்டட்’ என்று கால இடைவெளி இருக்கும். ‘ஆஸ் பிரசன்ட்டட்’ என்றால் அவர்கள் கேட்கும்போதெல்லாம் என்று அர்த்தம். அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஏற்காதீர்கள். அதற்கும் கீழே முடிவுத் தேதி. அங்கே பத்து, இருபது வருஷம் தள்ளி ஒரு தேதி இருந்தால் அப்போதே வெளியே வந்துவிடுங்கள். பணம் வாங்குபவர் பெயர் தளத்தின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியின் பெயராக இருக்கும். பிற்பாடு ஸ்டேட்மென்ட்டில் தேடும்போது ‘இது யாரென்றே தெரியலையே’ என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

ஒருமுறை பின் போட்டு ஏற்றுக்கொண்ட மேண்டேட்டில், 15,000 ரூபாய் வரையுள்ள அடுத்தடுத்த பிடித்தத்துக்கு மறுபடி பின் கேட்கப்படாது. 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி இந்த வரம்பை 5,000 இலிருந்து உயர்த்தியது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. தகவல் வரத்தான் செய்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். விளம்பர எஸ்எம்எஸ் நாற்பதுக்கு நடுவே அதை யார் படிப்பார்கள்? வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால், ‘மேண்டேட்’, ‘ஆட்டோபே’ என்ற சொற்களைப் போட்டு அப்பா, தாத்தா போனில் எஸ்எம்எஸ் தேடிப் பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலை.

நிறுத்தும் வழியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. எஸ்எம்எஸ் வரும் நம்பரை பிளாக் செய்தாலும் நிற்காது. கணக்கில் பணம் இல்லாமல் வைத்திருந்தால் அந்த மாதம் பிடித்தம் தோற்கும், மேண்டேட் அப்படியே உயிரோடு இருக்கும், அடுத்த முறை பணம் இருந்தால் எடுத்துக்கொள்ளும். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எதுவானாலும் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் ‘ஆட்டோபே’ என்றோ அதைப் போன்ற பெயரிலோ ஒரு வரி இருக்கும். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் மேண்டேட்டுகள் வரிசையாக வரும். அங்கே ‘பாஸ்’, ‘கேன்சல்’ இரண்டும் இருக்கலாம். பாஸ் என்பது தற்காலிக நிறுத்தம். குறித்த தேதி வந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். கேன்சலைத் தொட்டு, பின் போட்டு, ரத்தானது என்ற திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மேண்டேட்டுக்கு யுஎம்என் என்று ஒரு நீண்ட எண் உண்டு. புகாருக்கு அது வேண்டும், அதையும் சேர்த்து எடுங்கள். எந்த யுபிஐ செயலியில் அனுமதி கொடுத்தீர்களோ அதற்குள் முதலில் பாருங்கள். போன்பேயில் கொடுத்ததைக் கூகுள் பேயில் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லையே’ என்று நிம்மதி அடையாதீர்கள்.

பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் இடம் வேறு: பிளே ஸ்டோரில் உங்கள் படம், ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. ரீசார்ஜ் பணத்திலிருந்து கழிகிறது என்றால் அது மொபைல் கம்பெனி வழியாக ஏற்றிய சேவை. 155223 என்ற கட்டணமில்லா எண்ணில் நிறுத்தலாம்.

இனி பணத்தைத் திரும்பக் கேட்பது. வங்கிக்குப் போனால், ‘ஐயா, பின் நீங்களே போட்டிருக்கீங்க, இது ஃபிராடு கணக்குல வராது’ என்பார்கள். கேட்க எரிச்சலாக இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. அனுமதியில்லாத பரிவர்த்தனைக்கு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற 2017 ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி இங்கே எளிதில் பொருந்தாது. ஆகவே புகாரை ‘என் பணம் திருடு போனது’ என்று எழுதாமல், ‘சந்தா என்று தெரிவிக்காமல் அனுமதி வாங்கினார்கள்’ என்று எழுதுங்கள். இதற்குச் சட்டப் பிடிமானம் உண்டு. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இணையத்தில் நடக்கும் 13 ஏமாற்று உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. சந்தாவில் மாட்டவைத்து வெளியேற விடாமல் செய்வது அதில் ஒன்று. விளம்பரம் என்று தெரியாதபடி வேடம் போட்ட விளம்பரமும் அதே பட்டியலில் இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். முதலில் அங்கே பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வங்கியிடம் எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரை அணுகலாம், தகவலுக்கு 14448. ஆனால் வாட்ஸ்அப்பில் ‘பிஎம் கிசான்’ என்ற பெயரில் வந்த ஏபிகே ஃபைலை (போனில் செயலியை ஏற்றும் ஃபைல்) நிறுவி, அதன் பிறகு நீங்கள் தொடாமலே கணக்கில் பணம் போனால் கதை முற்றிலும் வேறு. அது சைபர் குற்றம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் கிடைக்கும்.

சந்தா கேட்காத, முழுக்க விளம்பரத்தில் ஓடும் இலவசத் தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டூர் நீர்மட்டம், நெல் விலை, கொள்முதல் நிலையச் செய்தி போடும் உள்ளூர்த் தளங்கள் பல இப்படித்தான் நடக்கின்றன. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் வழியாக விளம்பரம் போட்டால் அதில் சுமார் 68 சதவீதம் தளம் நடத்துபவருக்கு வரும். கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பர விலையே குறைவு. ஆகவே ஒரு பக்கத்தில் ஏழெட்டு விளம்பரம் அடுக்குகிறார்கள். ‘டவுன்லோடு’ என்று பச்சைப் பொத்தான் போட்ட விளம்பரம் அசல் பொத்தானுக்கு ஒட்டினாற்போல் வந்து நிற்பது இதன் விளைவு. விரல் தவறித் தொட்டாலும் அவர்களுக்குக் காசு. எது அசல் பொத்தான் என்று தெரிய ஒரு வழி: சட்டென்று தட்டி விரலை எடுக்காமல் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், இணைப்பின் முகவரி மேலே வரும். நீங்கள் இருக்கும் தளத்தின் பெயர் அதில் இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

‘நெல் விலை தெரிய அனுமதி தருக’ என்று ஒரு பெட்டி வந்தால் அதை ஏற்க வேண்டாம். அது விலைக்கான அனுமதி இல்லை, உங்கள் போனுக்கு எந்நேரமும் அறிவிப்பு அனுப்புவதற்கான அனுமதி. ‘உங்கள் போனில் வைரஸ்’, ‘உடனடிக் கடன்’ என்று அதற்குப் பிறகு வரும் தொல்லை எல்லாம் அந்த ஒரு தொடுதலில் தொடங்குகிறது. ஏற்கெனவே ஏற்றிருந்தால் குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய், தெரியாத தளங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

இலவசத் தளம் விளம்பரத்திலும் சந்தாவிலும் பிழைக்கலாமா என்றால், தாராளமாகப் பிழைக்கலாம். செய்தி சேகரிக்கிறவர் சாப்பிட வேண்டும், சர்வர் வாடகை கட்ட வேண்டும். அரசாங்கம் மக்களுக்குச் சும்மா தரும் ஆவணத்தின் மேல் சந்தா போடுவதை மட்டும் எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. அது தொழில் இல்லை. டெல்டாவில் உள்ளூர்த் தளம் நடத்தும் தம்பிமார்களுக்கு நேராகவே சொல்கிறோம். ஆட்சென்ஸ் கணக்கில் ‘பிளாக்கிங் கன்ட்ரோல்ஸ்’ இருக்கிறது. பட்டா, கடன், அரசுத் திட்டம் என்று போலி வேடத்தில் வரும் விளம்பரதாரர் முகவரிகளை அங்கே தடை செய்யலாம். முழுத்திரை விளம்பரத்தையும் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும் விளம்பரத்தையும் ‘ஆட்டோ ஆட்ஸ்’ பகுதியில் அணைக்கலாம். உங்கள் பொத்தானுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலமாவது இடம் விடுங்கள். விளம்பரத்துக்கு ‘பயனுள்ள இணைப்புகள்’ என்று தலைப்புப் போடுவது கூகுளின் விதிக்கே விரோதம், கணக்கையே முடக்கிவிடுவார்கள். சந்தா வாங்குவதானால் ஆட்டோபே இல்லாமல், வருஷத்துக்கு ஒருமுறை க்யூஆர் கோடில் வாங்குங்கள். முடியும்போது ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். விரும்புகிறவர் மறுபடி கட்டுவார். வருமானம் சற்றுக் குறையும், உண்மைதான். ஆனால் மாதம் முழுவதும் கெட்ட பெயர் சம்பாதிக்காமல் இருக்கலாம்.

இலவசமாகக் கிடைப்பவை எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம்: ஈசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். வில்லங்கம் பார்ப்பது: டிஎன்ரெஜிநெட் டாட் ஜிஓவி டாட் இன். இதில் பார்ப்பது இலவசம், சான்றிட்ட நகலுக்கு மட்டும் கட்டணம். வானிலைக்கு இந்திய வானிலைத் துறைத் தளம், பயிர் நோய்க்கும் உரத்துக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம், மானியத் தகவலுக்கு உழவன் செயலி. பட்டா, வில்லங்கம் போன்ற அரசுத் தளங்களில் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்பதை (தொடக்கத்தில் ‘https’ க்கு அடுத்து வரும் இரட்டைக் கோட்டை விட்டுவிட்டு) முதல் சாய்கோட்டுக்கு முன்னால் பாருங்கள். நடுவில் ‘ஜிஓவி டாட் இன்’ வந்து, அதற்குப் பிறகு வேறு பெயரும் ‘டாட் காம்’ என்பதும் வந்தால் அது போலி. பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டலாம். சந்தேகமிருந்தால் 14447.

சம்பா காப்பீட்டின் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15 ஐ ஒட்டியே வருகிறது. அந்த வாரத்தில் அரசுத் தளம் திறக்கத் திணறும், ஓடிபி தாமதமாகும், ஜனங்கள் பொறுமை இழந்து விளம்பர இணைப்புக்குப் போவார்கள். ஐப்பசி பிறந்ததுமே, விடியற்காலையிலோ இரவு பத்து மணிக்கு மேலோ அரசுத் தளத்தில் சிட்டாவை எடுத்து, பிடிஎஃப் ஆகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) மட்டும் நடவு முடிந்தபின் வாங்கினால் போதும்.